குறட்டைக்கு எதற்குப் பல் டாக்டர்?

ரூட் கெனால் நடந்துகொண்டிருக்கும்போதே தூங்கிப்போகிறவர்களை இப்போதெல்லாம் தனியாகக் கவனிக்கிறேன். மரத்துப்போக ஊசி போட்டாயிற்று, வாயில் ரப்பர் ஷீட் மாட்டியாயிற்று, காதுக்குப் பக்கத்தில் டிரில் கத்துகிறது. இதற்கு நடுவே ஒருவருக்குக் கண் செருகிக் குறட்டையும் வருகிறதென்றால், என் கை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் காரணம் வேறு. ராத்திரி தூங்கிய தூக்கம் அவர் உடம்பில் ஒட்டவில்லை. தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோகிற ஸ்லீப் ஆப்னியா என்ற தொல்லை அவருக்கு இருக்கலாம்.

நான் பல் மருத்துவம் பார்ப்பது நாமக்கல்லில். லாரி, டேங்கர், போர் போடும் ரிக் வண்டி, முட்டை என்று இந்த நான்கில் ஒன்றோடாவது சம்பந்தம் இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. ஆகவே என் நாற்காலியில் தூங்குகிறவர்களில் நிறையப் பேர் ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

நான் படித்த காலத்தில் பி.டி.எஸ். பாடத்தில் தூக்கத்துக்கு இடமே இருந்ததில்லை. பல், ஈறு, தாடை, அதோடு முடிந்தது. அண்ணாக்குக்குப் பின்னால் இருப்பதெல்லாம் காது மூக்கு தொண்டை டாக்டரின் ராஜ்ஜியம் என்று விட்டுவிட்டோம். ஆனால் ஒரு மனிதரை மல்லாக்கச் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, வாயை அகலத் திறக்கச் சொல்லி அரை மணி நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிற வேறு மருத்துவர் யார்? குறட்டை எப்படிப் படுத்தால் வருமோ அப்படியே படுக்க வைக்கிறோம். குறட்டை எங்கே பிறக்குமோ அந்த இடத்தையே பார்க்கிறோம்.

என்ன தெரியும்? நாக்கின் ஓரம் முழுக்கப் பல் பதிந்த தடம், அலை அலையாக. வாய்க்கு நாக்கு பெரிதாகிவிட்டது, அல்லது நாக்குக்கு வாய் சிறிதாகிவிட்டது. மேலண்ணம் குறுகி, கூரை மாதிரி உயர்ந்திருக்கும். உள்நாக்கு நீண்டு சிவந்திருக்கும். கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கும். காலையில் வாய் வறண்டு எழுகிறவர்களுக்குப் பல்லின் கழுத்துப் பகுதியில் சொத்தை. கடைவாய்ப் பற்கள் மழுங்கித் தேய்ந்திருக்கும். தேய்மானத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது; கவலையில் பல்லைக் கடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இவற்றில் நான்கைந்து சேர்ந்து ஒரே வாயில் இருந்தால் நான் சும்மா அனுப்புவதில்லை.

வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்பதற்கு ஒரு வகைப்பாடு இருக்கிறது. ஆந்திரத்திலிருந்து போய் பாஸ்டனில் மயக்க மருந்து நிபுணராக இருந்த சேஷகிரி மல்லம்பட்டி 1985 இல் வெளியிட்டது. அறுவை சிகிச்சைக்கு முன் யாருக்குச் சுவாசக் குழாய் செருகுவது சிரமமாக இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்க அவர் செய்த வேலை அது. முதலில் மூன்று படி. பிறகு வேறு இருவர் நான்காவதைச் சேர்த்தார்கள். நான்காம் படி என்றால் உள்நாக்கே தெரியாது, நாக்கு எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருக்கும். விழித்திருக்கும்போதே இவ்வளவு நெருக்கம் என்றால், தூங்கித் தசை தளர்ந்த பிறகு என்ன ஆகும்?

அடுத்தது கேள்விகள். டொராண்டோவில் மயக்கவியல் மருத்துவர் பிரான்சிஸ் சங் குழுவினர் 2008 இல் கொண்டுவந்த எட்டுக் கேள்விப் பட்டியலைத்தான் நான் பயன்படுத்துகிறேன். குறட்டை சத்தமாக வருகிறதா, பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா, ரத்தக் கொதிப்பு உண்டா, உடல் பருமன், வயது ஐம்பதைத் தாண்டியதா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. மூன்றுக்கு ‘ஆம்’ வந்தாலே யோசிக்க வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் அனுப்பியே ஆக வேண்டும். கழுத்தில் டேப்பைச் சுற்றும்போது “சட்டை தெக்கறதுக்குங்களா டாக்டரம்மா?” என்று கேட்காத ஓட்டுநர் இல்லை.

மூச்சு நிற்பதை யார் பார்த்தது என்ற கேள்விக்கு வேறு ஊர்களில் மனைவி பதில் சொல்வார். எங்கள் ஊரில் மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வண்டியிலேயே இருக்கிறவருக்குச் சாட்சி, கேபினில் கூடப் படுக்கிற கிளீனர். ஒருமுறை அப்படி ஒரு பையனையே கூட்டிவரச் சொன்னேன். “அண்ணன் பயங்கரமாக் குறட்டை உடுவாருங்க. திடீர்னு சத்தம் நின்னுரும். என்னமோ ஆயிப்போச்சோன்னு எந்திரிச்சுப் பாப்பனுங்க. அப்பறம் ஒரே இழுப்பா இழுத்துட்டு மறுபடியும் ஆரம்பிச்சுருவாருங்க” என்றான். பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வது இதைத்தான். அவன் பயந்தது சத்தத்துக்கு அல்ல, சத்தம் நின்றதற்கு என்பதைக் கவனியுங்கள்.

நனைந்துபோன காகித ஸ்ட்ராவில் இளநீரை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளுமே, தூக்கத்தில் தொண்டைக்கு நடப்பதும் ஏறக்குறைய அதுதான். தசை தளர்கிறது, நாக்கு பின்னால் சரிகிறது, பக்கச் சுவர் உள்ளே இழுபடுகிறது. வழி குறுகினால் காற்று அதிர்ந்து குறட்டை. முழுக்க ஒட்டிக்கொண்டால் மூச்சே இல்லை. நெஞ்சு இழுத்து இழுத்துப் பார்க்கிறது, காற்று போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடுகிறது. தசை இறுகி, வழி திறந்து, அந்த ‘ஒரே இழுப்பு’. எழுந்தது அவருக்கு ஞாபகமே இருக்காது. காலையில் கேட்டால் “எட்டு மணி நேரம் நல்லாத் தூங்குனனுங்க” என்பார்.

பத்து விநாடியாவது மூச்சு நின்றால் அது ஒரு தடவை என்று கணக்கு. மூச்சு முப்பது சதவீதமாவது குறைந்து ஆக்சிஜன் இறங்கினாலும் கணக்குதான். மணிக்கு ஐந்து தடவைக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். தீவிரம் என்றால் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது மூச்சு தடைபடுகிறது, விடிய விடிய. ரத்தக் கொதிப்பு மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போவது, இதயத் துடிப்பு தாளம் தப்புவது, பகலில் கண் அசருவது எல்லாம் இதன் பின்னால் வருகிறவை. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023 இல் இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்குப்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. குண்டானவர்களின் வியாதி என்ற நினைப்பையும் விட்டுவிட வேண்டும். தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தால் ஒல்லியானவருக்கும் வரும்.

இந்த இடத்தில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் சந்தேகப்படலாம். இது ஸ்லீப் ஆப்னியாதான் என்று முடிவு சொல்ல முடியாது. அதற்கு ஸ்லீப் ஸ்டடி வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கி, தலையில் மின்முனைகள் ஒட்டி எடுப்பது முழுமையானது. மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப் என்று வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்குவது எளிய வகை. எதுவானாலும் அதைப் படித்து முடிவு சொல்கிறவர் நெஞ்சக மருத்துவரோ தூக்க மருத்துவம் தெரிந்த வேறு டாக்டரோதான். ஸ்லீப் ஸ்டடி எடுக்காமல் “குறட்டைக்கு வாயில் ஒரு கிளிப் போட்டுவிடலாம்” என்று பல் டாக்டர் சொன்னால், என் சக தொழில்காரராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் தீவிரம் என்று வந்தால் முதல் மருந்து சி-பேப் மெஷின். சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய கூட்டாளிகளும் 1981 இல் உலகுக்குச் சொன்னது. மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து வைப்பது. மூச்சு நிற்பதைத் தடுப்பதில் அதை எந்தக் கிளிப்பாலும் மிஞ்ச முடியாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் மாட்டினால்தானே? வீட்டில் கட்டிலில் படுக்கிறவர்களே முகமூடி இறுக்குகிறது, மூக்கு காய்கிறது, பக்கத்தில் படுத்திருக்கிறவருக்குக் காற்று அடிக்கிறது என்று பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். லாரி கேபினில் பிளக் பாயிண்டுக்கு எங்கே போவது? பேட்டரியில் ஓடும் சிறிய மெஷின்கள் உண்டு, விலை அதிகம். குஜராத் பாதையில் தூசி, பிளாட்பாரம் ஓரத்து நிறுத்தம், நடுராத்திரி ‘வண்டியை எடு’ என்று தட்டுகிற வாட்ச்மேன். காஸ் டேங்கர் ஓட்டுகிறவர் நிரப்பும் வளாகத்துக்குள் போனால் செல்போனையே வாங்கி வைத்துவிடுவார்கள். இவரிடம் போய் ‘தினமும் ஏழு மணி நேரம் மெஷின் மாட்டுங்கள்’ என்று எழுதிக்கொடுப்பது சுலபம்.

இங்கேதான் என் வேலை வருகிறது. மேல் பல் வரிசைக்கு ஒன்று, கீழ் வரிசைக்கு ஒன்று, இரண்டையும் இணைத்துக் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடித்து வைக்கிற சாதனம். அதற்கு நீளமான பெயர்கள் உண்டு. வருகிறவர்கள் கிளிப் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே. நாக்கின் முக்கியத் தசை கீழ்த்தாடையின் உள்பக்கம், முன்னால் ஒட்டியிருக்கிறது. தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே வரும். அதோடு தொண்டையின் பக்கச் சுவர்கள் இழுபட்டு வழி அகலமாகிறது. மயங்கிக் கிடக்கிறவருக்கு மூச்சு வர முதலுதவியில் தாடையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லித் தருவார்களே, அதே காரியத்தைக் கை வலிக்காமல் ராத்திரி முழுக்கச் செய்வது.

புதிய யோசனையும் இல்லை. நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கிறது என்று பிரெஞ்சு வாய் மருத்துவர் பியர் ரோபின் 1923 இல் எழுதினார். தாடையை முன்னால் கொண்டுவரும் ஒற்றைத் துண்டுச் சாதனத்தை அதற்கும் முன்பே செய்திருந்தார், தாடை சிறுத்துப் பிறந்த குழந்தைகளுக்காக. பெரியவர்களின் ஸ்லீப் ஆப்னியாவுக்கு வாயில் வைக்கும் சாதனம் என்று 1982 இல் சிகாகோவில் வந்த ஆய்வோ நாக்கையே உறிஞ்சி முன்னால் பிடித்து வைக்கும் மெத்தென்ற ஒரு குமிழ் பற்றியது. அதை உருவாக்கிய சாமெல்சன் பல் டாக்டரே இல்லை, மனநல மருத்துவர்! நாங்கள் பிறகுதான் வந்து சேர்ந்தோம்.

செய்முறை இதுதான். முதலில் சொத்தை, ஈறு நோய், தாடை மூட்டு எல்லாம் பார்க்க வேண்டும். பிடித்துக்கொள்ள இரண்டு வரிசையிலும் போதுமான உறுதியான பற்கள் வேண்டும்; ஆடுகிற பல்லில் மாட்டினால் பல்தான் போகும். பிறகு அளவு எடுப்பது. கீழ்த்தாடையை முடிந்த மட்டும் பின்னால் இழுக்கச் சொல்லி, முடிந்த மட்டும் முன்னால் நீட்டச் சொல்லி, அந்தத் தூரத்தை அளந்துகொள்வேன். அதில் ஏறக்குறைய பாதியில் ஆரம்பம். லேபிலிருந்து வந்தபின் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக, மில்லிமீட்டரின் பின்னத்தில், திருகி முன்னேற்றுவது. ஒரே நாளில் முழுக்கத் தள்ளினால் காலையில் தோசையைக்கூட மெல்ல முடியாது.

முதல் சில நாள் எச்சில் வழியும். தலையணை உறையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் கிளிப்பைக் கழற்றியதும் பல் வரிசை சரியாகப் பொருந்தாது. அதற்கென்று கொடுக்கும் சிறிய அச்சைக் கொஞ்ச நேரம் கடித்தால் தாடை பழைய இடத்துக்கு வரும். பல வருடம் போடுகிறவர்களுக்கு மேல் முன்பல் சற்று உள்ளே சாயும், கீழ் முன்பல் வெளியே சாயும். இதைக் கிளிப் செய்வதற்கு முன்பே உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். “பல்லு கொஞ்சம் நகந்தா நகரட்டுங்க, உசுரு நகராம இருந்தாச் செரி” என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

மெஷினைவிடப் பலவீனமான கிளிப்பை எதற்குக் கொடுக்க வேண்டும் என்று என் நண்பரான ஒரு நெஞ்சக மருத்துவர் ஆரம்பத்தில் கேட்டார். அவரிடம் நான் காட்டியது சிட்னியில் செய்து 2013 இல் வெளியான ஆய்வு. பெரும்பாலும் நடுத்தரமும் தீவிரமுமாக இருந்த நூற்றுச் சொச்சம் பேர், ஒரு மாதம் மெஷின், ஒரு மாதம் கிளிப். மணிக்கு இருபத்தைந்து தடவைக்கு மேல் நின்ற மூச்சு, மெஷினில் நாலரை ஆயிற்று, கிளிப்பில் பதினொன்று. மெஷின் ஜெயித்துவிட்டது. ஆனால் கிளிப்பை ராத்திரிக்கு ஆறரை மணி நேரம் போட்டிருந்தார்கள், மெஷினை ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கடைசியில் பகல் தூக்கமும், திரையில் வண்டி ஓட்டிக் காட்டும் சோதனையும் இரண்டிலும் ஒரே அளவு முன்னேறியிருந்தன. வண்டி ஓட்டும் சோதனை என்ற வரியில்தான் எனக்குக் கண் நின்றது. நாமக்கல்காரிக்கு வேறு எங்கே நிற்கும்?

அமெரிக்கத் தூக்க மருத்துவர்களும் தூக்கப் பல் மருத்துவர்களும் சேர்ந்து 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: மெஷினைத் தாங்க முடியாதவருக்கும், வேறு வழி வேண்டும் என்கிறவருக்கும் கிளிப் கொடுக்கலாம், எதுவும் இல்லாமல் இருப்பதற்கு அது மேல். ஆனால் அந்த வாய்க்கென்றே அளவெடுத்துச் செய்ததாக, திருகி நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். போட்டபின் மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுக்க வேண்டும்.

அந்த மறுபடி எடுக்கும் ஸ்டடிக்குத்தான் நான் தினமும் சண்டை போடுகிறேன். கிளிப் போட்ட ஒரே வாரத்தில் குறட்டை அடங்கிவிடும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். “வூட்டுல சத்தமே இல்லீங்க டாக்டரம்மா, இனி எதுக்குங்க டெஸ்டு?” என்பார்கள். சத்தம் போனது காதுக்குத் தெரியும்; ஆக்சிஜன் இறங்குவது காதுக்குத் தெரியாது. வழி கொஞ்சம் அகன்றால் அதிர்வு நிற்கும், ஆனால் ஒட்டிக்கொள்வது முழுக்க நின்றிருக்கும் என்று அர்த்தமில்லை. மூன்றில் ஒருவருக்குக் கிளிப் போதுமான பலன் தருவதில்லை என்பது பொதுவான அனுபவம். சத்தம் அடங்கி, மூச்சுத் தடை மட்டும் பாதி மிச்சம் இருப்பவர் ஒரு விதத்தில் முன்னைவிட ஆபத்தில் இருக்கிறார். முன்பாவது கிளீனர் பையன் பயந்து எழுந்து பார்ப்பான். இப்போது அவனும் நிம்மதியாகத் தூங்குகிறான். ஆன்லைனில் வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைத்துக்கொள்ளும் கிளிப் வாங்குகிறவர்களிடமும், வாயில் டேப் ஒட்டிக்கொள்ளச் சொல்லும் வாட்ஸ்அப் வீடியோவை அனுப்புகிறவர்களிடமும் எனக்கு இருக்கும் சண்டையும் இதே சண்டைதான். டேப் ஒட்டுவது சண்டையைக்கூடத் தாண்டிய முட்டாள்தனம். மூக்கடைப்பு உள்ளவர் மூச்சுக்கு எங்கே போவார்?

இனி, எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கடம். ராத்திரி கண் அசராமல் இருக்க ஓட்டுநர்கள் பாக்கும் பான்மசாலாவும் மெல்லுகிறார்கள். குட்காவுக்கும் புகையிலை கலந்த பான்மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. மாநில எல்லையைத் தாண்டி ஓடுகிறவருக்குக் கிடைப்பதில் ஒரு தடையும் இல்லை. பாக்கு வருடக்கணக்கில் வாயின் உள்தோலை நாராக இறுக்கிவிடும். கன்னம் பலகையாகும், வாய் திறப்பது மூன்று விரல் அகலத்திலிருந்து இரண்டாகும், ஒன்றாகும். புற்றுநோய்க்கு முந்தைய நிலை அது. அப்படிப்பட்ட வாயில் அளவு எடுக்கும் தட்டே நுழையாது, கிளிப் எங்கே நுழைவது? தூக்கம் கெட்டதால் பாக்கு, பாக்கால் வாய் இறுகி, தூக்கத்தைச் சரிசெய்யும் ஒரு வழியும் அடைபடுகிறது. இவர்களை மெஷினுக்கே அனுப்ப வேண்டியிருக்கிறது. கேபினில் அது ஓடாது என்று தெரிந்தே அனுப்புகிறேன்.

குழந்தைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. வாயைத் திறந்து தூங்கும், குறட்டை விடும் குழந்தைக்குப் பெரியவர்களின் கிளிப் கிடையாது. முதலில் டான்சிலும் அடினாய்டும் பார்க்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர். மேலண்ணம் குறுகியிருந்தால் அதை அகலப்படுத்தும் வேலை எங்களுடையது. எலும்பு வளரும் வயதில் அது நடக்கும். ஆனால் அது எல்லாக் குறட்டைக்கும் மருந்து என்று சொல்லி எல்லாக் குழந்தைகளுக்கும் மாட்டுவது வியாபாரம். பெரியவர்களில் தாடை மிகவும் உள்வாங்கியவர்களுக்கு இரண்டு தாடையையும் அறுத்து முன்னால் நகர்த்தும் பெரிய அறுவை சிகிச்சை இருக்கிறது. பலன் நன்றாகவே இருக்கும். ஆனால் லேசான முடிவு அல்ல. எடை குறைப்பது, ராத்திரி குடியை விடுவது, ஒருக்களித்துப் படுப்பது இவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2014 இல் ஓட்டுநர் உரிம விதிகளைத் திருத்தி ஸ்லீப் ஆப்னியாவையும் உள்ளே கொண்டுவந்தது. நடுத்தரமோ தீவிரமோ என்று சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிகிச்சை எடுத்து, தூக்கக் கலக்கம் கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டினால் வண்டி ஓட்டலாம். நம் ஊரில் உரிமம் புதுப்பிக்கும்போது யாராவது குறட்டையைப் பற்றிக் கேட்டார்களா என்று என்னிடம் வரும் ஓட்டுநர்களைக் கேட்பதுண்டு. கேட்டதாக ஒருவரும் சொன்னதில்லை.

பல் வலிக்கு வந்த ஒரு லாரி முதலாளியிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டெஸ்ட்டுல வந்துருச்சுன்னா அந்த டிரைவருக்கு வண்டியக் குடுக்கறதுங்களா வேண்டாங்களா? அத மட்டும் சொல்லுங்க” என்றார். லேசானது என்றால், பகலில் தூக்கமும் இல்லை என்றால், ஓட்டிக்கொண்டே சிகிச்சை எடுக்கலாம். தீவிரமாக இருந்து பகலில் கண் செருகினால் சரியாகும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றேன். சரியாகச் சில வாரம் ஆகும், அந்த வாரங்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதை அவர் கேட்கவில்லை, நான் கேட்டேன். சிரித்தார்.

பிறகு அவன் கிளிப்பை நிஜமாகவே போடுகிறானா என்று எப்படித் தெரியும் என்றார். கிளிப்புக்குள் சிறிய சிப் ஒன்றைப் பதிக்கலாம், வாயின் சூட்டை வைத்து எத்தனை மணி நேரம் போட்டிருந்தார் என்று அது குறித்துக்கொள்ளும் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கணக்கைத் தனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அது ஓட்டுநருக்கும் எனக்கும் அவருடைய நெஞ்சக மருத்துவருக்கும் மட்டும். முதலாளி கைக்குப் போகும் என்று தெரிந்தால் அடுத்த ஓட்டுநர் என் நாற்காலியில் உட்காரும்போது குறட்டையே வராது என்றுதான் சொல்வார், கிளீனரையும் அப்படியே சொல்லச் சொல்வார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், அடுத்த வாரம் இரண்டு பேரை அனுப்பி வைத்தார். சிப் இல்லாமல்.